இங்கிலாந்தில் எஃப்.இ. ஆசிரியராவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

இங்கிலாந்தில் 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கும், பல்கலைக்கழகப் பட்டம் அல்லாத படிப்புகளில் கணிசமான பகுதி ஃபர்தர் எஜுகேஷன் (சுருக்கமாக எஃப்.இ.) கல்லூரிகளில் நடக்கிறது. மின்பணி, சிகையலங்காரம், கணக்கியல், டி லெவல் எனும் தொழிற்கல்விப் படிப்பு, புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஈசால் ஆங்கிலம், பள்ளியில் தவறவிட்ட ஜி.சி.எஸ்.இ. (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) கணிதம் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும். ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் 'எந்தச் சான்றிதழ் நல்லது' என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'பயிற்சிக் காலத்தில் எனக்கு யார் வகுப்பு தருவார்கள்?' இதற்குப் பதில் கிடைக்காமல் பணம் கட்டியவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முதலாவது பாடத்தகுதி. நீங்கள் கற்பிக்கப்போகும் நிலையைவிட ஒரு நிலையாவது மேலே படித்திருப்பது நல்லது. தொழில் பாடம் என்றால் லெவல் 3 (பள்ளி இறுதி ஏ லெவலுக்கு இணையான நிலை) தகுதியும் சில வருட வேலை அனுபவமும் கேட்பார்கள், பட்டம் கட்டாயமில்லை. அடுத்தது ஆங்கிலமும் கணிதமும் லெவல் 2. ஜி.சி.எஸ்.இ.யில் கிரேடு 4 (பழைய முறையில் சி) அல்லது ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் (அன்றாடப் பயன்பாட்டை ஒட்டிய தேர்வு) லெவல் 2 இருந்தால் போதும். இது இல்லாவிட்டால் முதலில் இதை முடியுங்கள். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டால் கடைசிப் படியில் வந்து மறிக்கும்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய பட்டம் என்றால் வெளிநாட்டுப் படிப்புகளை இங்கிலாந்து நிலைகளோடு ஒப்பிடும் யூகே எனிக் அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், டிகிரிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் ஆவணத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். ஆள் அடையாளச் சரிபார்ப்பில் வாரக்கணக்கில் தாமதமாவது பெரும்பாலும் இதனால்தான்.

படி 2: எந்தப் படிப்பு

2013க்குப் பிறகு எஃப்.இ.யில் கற்பிக்கச் சட்டப்படி ஆசிரியர் தகுதி கட்டாயமில்லை. ஆனால் வேலை விளம்பரங்களைப் பாருங்கள்: 'தகுதி உள்ளவர், அல்லது சேர்ந்த பின் படிக்கச் சம்மதிப்பவர்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

சும்மா இறங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஏற்றது லெவல் 3 அவார்ட் இன் எஜுகேஷன் அண்ட் ட்ரெயினிங். 12 கிரெடிட்தான். உண்மையான மாணவர்கள் வேண்டாம். சக பயிற்சியாளர்கள் முன்னால் 15 நிமிட மைக்ரோடீச் (சிறு மாதிரி வகுப்பு) நடத்தினால் போதும். ஆனால் இது முழுத் தகுதி ஆகாது. முழுத் தகுதி என்பது லெவல் 5 டிப்ளமா. 2024 செப்டம்பரில் பழைய டிப்ளமாவின் இடத்துக்குப் புதிய டிப்ளமா இன் டீச்சிங் வந்துவிட்டது; பழைய பெயரில் இன்னும் விளம்பரம் செய்கிறார்கள் என்றால் விசாரிக்காமல் சேராதீர்கள். பட்டதாரிகள் பல்கலைக்கழகம் வழியாக எஃப்.இ.க்கான பி.ஜி.சி.இ. (பட்டத்துக்குப் பிந்தைய ஆசிரியர் பயிற்சிப் படிப்பு) படிக்கலாம். ஏற்கெனவே ஒரு கல்லூரியில் வேலை இருந்தால், வேலை செய்துகொண்டே பயிற்சி பெறும் அப்ரெண்டிஸ்ஷிப் வழியும் உண்டு.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் படிப்புகளில் கவனம் வேண்டும். சான்றிதழ் தரும் அமைப்பும் அந்தப் படிப்பும் தேர்வுகளையும் தகுதிகளையும் முறைப்படுத்தும் ஆஃப்குவால் அமைப்பின் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று நீங்களே தேடிப் பாருங்கள். 'அங்கீகாரம் பெற்றது' என்று விளம்பரத்தில் போட்டிருப்பது சாட்சி ஆகாது. அசெஸர் அவார்டும் ஆசிரியர் தகுதி அல்ல. மதிப்பிட மட்டுமே அது உதவும்.

படி 3: வகுப்புக்கு இடம் பிடியுங்கள்

முழுநேரப் படிப்பில் பல்கலைக்கழகமே பெரும்பாலும் கல்லூரியில் இடம் பார்த்துத் தரும். பகுதிநேரத்தில் அது உங்கள் பொறுப்பு. பழைய டிப்ளமாவுக்கு 100 மணி நேரக் கற்பித்தல் தேவைப்பட்டது; புதியது அதைவிட அதிகம் கேட்கிறது. உங்கள் படிப்புக்கு எத்தனை மணி, அதில் எவ்வளவு நேரடி வகுப்பு என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 3 மணி, 36 வாரம் என்றால் தாளில் 108 மணி. மே, ஜூனில் மாணவர்கள் தேர்வுக்குப் போய்விடுவார்கள். வேலைப் பயிற்சி வாரம், உங்கள் காய்ச்சல், வகுப்பு ரத்து எல்லாம் கழிந்தால் 85 மிஞ்சினாலே பெரிது. அதனால் தேவையைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகப் பேசி வையுங்கள். இன்னொரு ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவிய நேரத்தை முழுக் கற்பித்தலாக எழுதாதீர்கள், சரிபார்க்கும்போது வெட்டிவிடுவார்கள்.

கல்லூரிக்குள் போக என்ஹான்ஸ்ட் டி.பி.எஸ். (குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு) சான்று வேண்டும். சான்று வந்த 30 நாளுக்குள் அப்டேட் சர்வீஸில் (சான்றை நடப்பில் வைத்திருக்கும் இணையச் சேவை) பதிந்தால் இடம் மாறும்போது அதையே காட்டலாம். அந்த 30 நாளைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மாணவர் பாதுகாப்பு பற்றிய அரசு வழிகாட்டியின் முதல் பகுதியையும் படிக்கச் சொல்வார்கள். அதில் ஒன்றை மனதில் வையுங்கள்: மாணவர் ஒருவர் தனக்கு நேரும் துன்பத்தைச் சொல்ல வந்தால், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பொறுமையாகக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, அன்றே கல்லூரியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

படி 4: மைக்ரோடீச்

15 நிமிடத்துக்குள் நுழையும் ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுங்கள். உதாரணத்துக்கு 13 ஆம்பியர் பிளக் ஒன்றுக்கு வயர் பொருத்துவது.

முதலில் நோக்கத்தை எழுதுங்கள். 'பிளக் பற்றிப் புரிந்துகொள்வார்கள்' என்று எழுதினால் எடுபடாது. புரிந்ததா இல்லையா என்று உங்களால் பார்க்க முடியாதே. 'மூன்று வயர்களையும் உரிய முனையில் பொருத்திக் காட்டுவார்கள். கெட்டிலுக்கு 13 ஆம்பியர் ஃபியூஸ், மேசை விளக்குக்கு 3 ஆம்பியர் ஏன் என்று சொல்வார்கள்' என்று எழுதுங்கள். இவை இரண்டும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு முடிவு செய்யக்கூடியவை.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 2 நிமிடம், யாருக்கு ஏற்கெனவே தெரியும் என்று கேட்டு, நோக்கத்தைச் சொல்வது. அடுத்த 3 நிமிடம் நீங்கள் செய்து காட்டுவது: திறந்த பிளக்கில் பழுப்பு வலது பக்கம் ஃபியூஸ் இருக்கும் முனைக்கு, நீலம் இடது பக்கம், பச்சை மஞ்சள் மேலே. எர்த் வயரைக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். கேபிளை யாராவது இழுத்தால் கடைசியாகக் கழல்வது அதுவாக இருக்கட்டும். பிறகு 6 நிமிடம் அவர்கள் கையால் செய்வது. மீதி 4 நிமிடம் பக்கத்தில் இருப்பவருடன் பிளக்கை மாற்றிக்கொண்டு சரிபார்ப்பது, ஃபியூஸ் கேள்வி, முடிப்பு.

இதில் கவிழ்வது எங்கே தெரியுமா? வயரின் உறையை உரிக்கும் இடத்தில். பழகாத கைக்கு அதுவே 6 நிமிடத்தையும் தின்றுவிடும். முந்தைய நாளே உரித்து எடுத்து வாருங்கள். ஒரு கேபிள் உபரியாக இருக்கட்டும். கேபிளின் வெளி உறை பிடிப்புக்குள் இறுக்கமாக இருக்கிறதா என்பதைப் பலர் பார்க்க மாட்டார்கள். அதையே சரிபார்ப்புத் தாளின் முதல் வரியாக வையுங்கள். மறுமுனை வெறுமையாக இருக்கும் பயிற்சி பிளக்கைச் சாக்கெட்டில் செருகக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

'புரிந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறுத்து, பிறகு ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரிக்கும் பழைய முறையைத் திட்டத்தில் எழுத வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. அதற்குப் பதில், வேகமாக முடிப்பவருக்கு அடுத்து என்ன, தடுமாறுபவருக்கு என்ன உதவி என்று எழுதுங்கள்.

படி 5: உண்மையான வகுப்பு

முதல் பாடத்துக்கு முன் குழுவின் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்: யார் எந்த நிலை, யாருக்குக் கற்றல் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டங்கள் 25 வயது வரை தொடரலாம். ஜி.சி.எஸ்.இ. கணிதத்தை மறுபடி எழுதும் 17 வயதுக்காரர்கள் பலர், தங்களுக்கு வராது என்று முடிவு கட்டிவிட்டே வருகிறார்கள். அவர்களுக்கு முதல் பத்து நிமிடத்தில் சரியாகச் செய்ய முடிகிற ஒன்றைக் கொடுங்கள். ஈசால் மாணவர்களில் நிறையப் பேர் இரவு வேலை முடித்து வருபவர்கள். வீட்டுப்பாடத்தை நம்பி அடுத்த வகுப்பைக் கட்டாதீர்கள்.

ஆண்டு முழுக்க உங்கள் வகுப்பைப் பார்வையிட ஆள் வருவார்கள். பழைய டிப்ளமாவில் 8 முறை. எல்லாவற்றையும் கடைசிப் பருவத்தில் குவிக்காதீர்கள். முதல் பார்வையில் சொன்ன குறையை மூன்றாவதில் திருத்திக் காட்டத்தான் அந்த இடைவெளி.

சுயமதிப்பீட்டுக் குறிப்பை அன்றே எழுதிவிடுங்கள். 'பாடம் நன்றாகப் போனது, மாணவர்கள் ரசித்தார்கள்' என்பது எதற்கும் உதவாது. 'பின்ன வகுத்தலில் 14 பேரில் 9 பேர் இரண்டாவது பின்னத்துக்குப் பதில் முதலாவதைத் தலைகீழாக்கினார்கள். நான் ஒரே ஒரு எடுத்துக்காட்டு காட்டியதுதான் காரணம். அடுத்த முறை தவறான விடை ஒன்றைத் தந்து பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வேன்' என்பது குறிப்பு.

படி 6: பணமும் க்யூ.டி.எல்.எஸ்.ஸும்

கல்லூரியில் வேலை இருந்தால் கட்டணத்தை அவர்கள் ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். கணிதம், பொறியியல் போன்ற ஆள் பற்றாக்குறைப் பாடங்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும். குடியேற்ற நிலையைப் பொறுத்துக் கடன் தகுதியும் மாறும் என்பதால் விசா ஆவணத்தோடு போய்க் கேளுங்கள்.

டிப்ளமா முடிந்த பின், சொசைட்டி ஃபார் எஜுகேஷன் அண்ட் ட்ரெயினிங் அமைப்பில் உறுப்பினராகி, உங்கள் கற்பித்தல் ஆதாரங்களைச் சமர்ப்பித்து க்யூ.டி.எல்.எஸ். (எஃப்.இ. ஆசிரியருக்கான தொழில்முறைத் தகுதிநிலை) பெறலாம். படி 1-இல் சொன்ன ஆங்கிலம், கணிதச் சான்றுகளை இங்கே கேட்பார்கள். 2012 ஏப்ரல் முதல் இந்தத் தகுதி உள்ளவர்கள் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் தகுதிபெற்ற ஆசிரியராக வேலை செய்யலாம். அதற்கு உறுப்பினர் சந்தா நடப்பில் இருக்க வேண்டும். சந்தா விட்டுப்போனால் பள்ளியில் அந்தத் தகுதி செல்லாது. ஆகவே புதுப்பிக்கும் தேதியைச் சான்றிதழ் வந்த அன்றே குறித்து வையுங்கள்.