ஃப்ளோரிடாவில் கோல்ஃப் கிளப்போடு சேர்ந்த வீடு: கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

வீடு பிடித்துப்போய்விட்டது. பின்கதவைத் திறந்தால் பச்சைப் பசேலென்று ஃபேர்வே (கோல்ஃப் மைதானத்தின் நீண்ட புல்வெளி), நடக்கிற தூரத்தில் நீச்சல் குளம், ஜிம், பிக்கிள்பால் கோர்ட், விலையும் அக்கம்பக்கத்தில் இதே அளவு வீட்டைவிடக் குறைவு. ஓய்வுக்காலத்துக்கோ குளிர்கால மாதங்களுக்கோ ஃப்ளோரிடாவில் வீடு தேடுகிற நம் ஆட்கள் பலர் இந்தக் கட்டத்திலேயே மனதுக்குள் முடிவெடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கோல்ஃப் குடியிருப்பில் வீட்டுக்குக் கொடுக்கிற விலை பாதிக் கதைதான், வருஷா வருஷம் கட்டப்போகிற பணம் மீதிக் கதை, விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே பல இடங்களில் அந்த வருஷக் கட்டணம்தான்.

முதலில் அது எந்த வகைக் கிளப் என்று கேளுங்கள்

இதைக் கேட்காமல் வேறு எந்தக் கணக்கும் போட முடியாது. நேப்பிள்ஸ், போனிடா ஸ்பிரிங்ஸ், ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் 'பண்டில்டு' குடியிருப்புகள் நிறைய. வீட்டுப் பத்திரத்தோடேயே கோல்ஃப் உறுப்பினர் உரிமையும் வந்துவிடும், மைதானச் செலவை எல்லா வீட்டுக்காரர்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள், அதனால் தலைக்கு வருகிற தொகை குறைவு, ஆனால் நீங்கள் மட்டையைத் தொடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். போக்கா ரேட்டன், பாம் பீச் கார்டன்ஸ் பக்கம் போனால் வேறு மாதிரி. அங்கே வீடு வாங்குகிறவர் கிளப்பிலும் சேர்ந்தே ஆக வேண்டும் என்கிற குடியிருப்புகள் உண்டு. நான்கு மைதானங்கள் கொண்ட போக்கா வெஸ்ட் அப்படிப்பட்ட ஓர் இடம். இம்மாதிரிக் கிளப்புகளில் வீட்டு விலைக்கு மேல் சேரும்போது ஒரே தடவை கட்டும் இனிஷியேஷன் ஃபீ தனி, வருஷச் சந்தா தனி. மூன்றாவது வகையில் வீட்டுக்கும் கிளப்புக்கும் கட்டாயத் தொடர்பு கிடையாது, விருப்பம் இருந்தால் சேரலாம். ஆனால் மைதானத்தின் உரிமையாளர் தனி ஆளாகவோ நிறுவனமாகவோ இருப்பார், நாளைக்கு அதை அவர் என்ன செய்வார் என்பது உங்கள் கையில் இல்லை.

ஆர்லாண்டோவுக்கு வடமேற்கே உள்ள 'தி வில்லேஜஸ்' இந்த எதிலும் சரியாக அடங்காது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கான ஊர் அது, மைதானங்கள் மட்டும் 50க்கு மேல். மாதாந்தர அமெனிட்டி (பொது வசதிகள்) கட்டணத்துக்குள்ளேயே சின்ன 'எக்ஸிக்யூட்டிவ்' மைதானங்களில் நடந்து ஆடலாம், பெரிய 18 குழி மைதானங்களுக்குத் தனியாகப் பணம். வாரத்துக்கு இரண்டு முறை ஒன்பது குழி ஆடினால் போதும் என்பவருக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து ஃப்ளோரிடாவில் இல்லை.

எல்லாக் கட்டணத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்

விற்பனை ஏஜெண்ட் கொடுக்கும் தாளில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ எண்தான் இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது அதைவிட நீளம். குடியிருப்பின் எச்ஓஏ (வீட்டுக்காரர்கள் சங்கம்) கட்டணம். சில இடங்களில் பெரிய எச்ஓஏவுக்குக் கீழே உங்கள் தெருவுக்கென்று இன்னொன்றும் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். அப்புறம் கிளப் சந்தா. தனியார் கிளப் சந்தாவுக்கு ஃப்ளோரிடா 6 சதவீத விற்பனை வரி போடுகிறது, கவுண்ட்டியின் கூடுதல் வரியும் சேரலாம். சொல்லப்படுகிற சந்தாத் தொகை வரி சேர்த்தா சேர்க்காமலா என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சிடிடி (கம்யூனிட்டி டெவலப்மென்ட் டிஸ்ட்ரிக்ட்). 1980இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி அமைக்கப்படும் சிறப்பு மாவட்டம் இது. சாலை, வடிகால், சில இடங்களில் பொழுதுபோக்கு வசதிகள் எல்லாவற்றையும் கட்டக் கடன் பத்திரம் வெளியிட்டுவிட்டு, அந்தக் கடனை வீட்டுக்காரர்களிடமிருந்து வருஷா வருஷம் வசூலிக்கும். எச்ஓஏ பில்லில் தேடினால் கிடைக்காது, நவம்பரில் வருகிற சொத்து வரி பில்லில்தான் இருக்கும். இதில் இரண்டு பகுதி உண்டு. கடன் பகுதி 30 வருஷம் வரை ஓடி ஒரு நாள் முடிந்துவிடும், பராமரிப்புப் பகுதி முடியவே முடியாது. இந்த வீட்டின் பங்குக் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று சிடிடி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒரே மாதிரி இரண்டு வீட்டில் ஒன்றுக்குக் கடன் அடைந்திருக்கும், இன்னொன்றுக்கு 20 வருஷம் பாக்கியிருக்கும், விலையைப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

இதற்கெல்லாம் மேல் சில்லறைச் செலவுகள், சேர்ந்தால் சில்லறையாக இருக்காது. சாப்பாட்டுக்கு 'மினிமம்' என்று ஒன்று வைத்திருப்பார்கள், வருஷத்துக்கு இத்தனை டாலருக்குக் கிளப் உணவகத்தில் சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டாலும் பணம் போகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கார்ட் (மைதானத்தில் ஓட்டும் சிறு வண்டி) கட்டணம், சொந்த கார்ட் வைத்திருந்தால் அதை அங்கே ஓட்ட வருஷத்துக்கு ஒரு டிரெயில் ஃபீ. லாக்கர், பை வைக்கும் இடம், விருந்தினர் கட்டணம், ஊழியர்களுக்கான விடுமுறைக்கால நிதி. வீடு கைமாறும்போது ஒரே தடவை வாங்கும் கேப்பிடல் கான்ட்ரிபியூஷனும் (பொது நிதிக்கான பங்கு) டிரான்ஸ்ஃபர் ஃபீயும் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அது விற்கிறவர் பாடா வாங்குகிறவர் பாடா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கடன் வாங்கி வீடு வாங்குகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டாயக் கட்டணங்களை வங்கி உங்கள் மாதச் செலவில் சேர்த்துத்தான் கடன் தகுதியைப் பார்க்கும். மாதம் 1,500 டாலர் கட்டாயக் கட்டணம் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் கடன் தொகை அந்த அளவுக்குக் குறையும்.

ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு?

இப்போது எண்களை வைத்துப் பார்ப்போம். இவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் கிளப்பின் எண்களைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள். சந்தா 14,000 டாலர், அதற்கு வரி 840, சாப்பாட்டு மினிமம் 1,500, லாக்கர் வகையறா 600. இனிஷியேஷன் ஃபீ 60,000, திரும்ப வராது, 10 வருஷம் இருப்பீர்கள் என்று வைத்தால் வருஷத்துக்கு 6,000. ஆக ஒரு பந்து அடிப்பதற்கு முன்பே 22,940. வருஷத்துக்கு 60 ஆட்டம், கார்ட் 30 டாலர் வீதம் 1,800. மொத்தம் 24,740, ஒரு ஆட்டத்துக்கு 412 டாலர்.

வெளியே ஒரு நல்ல பொது மைதானத்தில் ஆட 150 டாலர் ஆகிறது என்று வையுங்கள். கிளப்பில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்களுக்கு மிச்சம் 120. அந்த 22,940ஐ ஈடுகட்ட சுமார் 190 ஆட்டம் வேண்டும். ஒருவருக்கு அது ரொம்ப அதிகம். ஆனால் சந்தா தம்பதிக்குச் சேர்த்து என்றால், இருவரும் ஆடுகிறவர்கள் என்றால், தலைக்கு 95 ஆட்டம், வாரத்துக்கு இரண்டுக்கும் கீழே. வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிற, ஆடப் பிடித்த தம்பதிக்கு இது நியாயமான பேரம். ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் வந்து, இருவரில் ஒருவர் மட்டும் ஆடும் குடும்பத்துக்கு எந்த வகையிலும் கட்டாது. பொது மைதானங்களில் கோடைக்கால விலை குளிர்கால சீசன் விலையைவிட நன்றாகவே இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளி இன்னும் கூடும்.

ஆடுவதே இல்லை, குளமும் ஜிம்மும் போதும் என்றால் சோஷியல் மெம்பர்ஷிப் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் அதிலும் சீசன் இல்லாத மாதங்களில் சில ஆட்டங்கள் அனுமதிப்பார்கள்.

வசதி இருக்கிறது, உங்களுக்குக் கிடைக்குமா?

பண்டில்டு இடங்களில் பெரிய குறை இதுதான். காலை 7:30 முதல் மதியம் 1:30 வரை 10 நிமிஷத்துக்கு ஒரு குழு என்றால் 36 குழு, நால்வர் வீதம் 144 பேர். 1,000 வீடு, வீட்டுக்கு இருவருக்கு ஆடும் உரிமை என்றால் 2,000 பேர் அந்த 144 இடத்துக்குப் போட்டி. இதில் ஆண்கள் தினம், பெண்கள் தினம், போட்டி நாட்கள் வேறு போய்விடும். பிப்ரவரியில் எத்தனை நாள் முன்னால் பதிவு செய்ய வேண்டும், குலுக்கல் முறையா, கேட்ட நேரம் எத்தனை முறை கிடைக்கிறது என்பதை அங்கே குடியிருக்கிறவரிடம் கேளுங்கள், விற்பனை அலுவலகத்தில் கேட்காதீர்கள். கோடையில் கூட்டம் இருக்காதுதான், ஆனால் பெர்முடா புல் வெயிலில்தான் வேகமாக வளரும் என்பதால் புல்தரையைத் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுப்பதும் பெரிய சீரமைப்பும் அப்போதுதான் நடக்கும். கிரீன்களை (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை) மாற்றும் வருஷம் என்றால் கோடை முழுக்கவே மைதானம் மூடிக் கிடக்கலாம். அப்போது பக்கத்துக் கிளப்புகளில் ஆட ஏற்பாடு உண்டா என்று கேட்டுவையுங்கள்.

நம் வீடுகளுக்கு என்றே சில கேள்விகள் இருக்கின்றன. பெரும்பாலான கிளப்புகளில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத இளம் பிள்ளைகள், அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்து ஐந்தாறு மாதம் தங்கும் அப்பா அம்மா விருந்தினர் கணக்கில் வருவார்களா, குளத்துக்கும் ஜிம்முக்கும் போக ஒவ்வொரு முறையும் கட்டணமா, வருஷத்துக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு இருக்கிறதா? விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கும், வாங்கிப் படியுங்கள். சைவக் குடும்பம் என்றால் உணவகத்தின் மெனுவை முதலில் பாருங்கள், சாலடும் ஃப்ரைஸும் மட்டும் சாப்பிட்டு அந்த 1,500 டாலர் மினிமத்தைத் தீர்ப்பது சுலபமில்லை. சொல்லிவைத்தால் சமைத்துத் தருகிற சமையல்காரர்களும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். குளிர்காலம் போக மற்ற மாதங்களில் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் குறைந்தபட்சம் எத்தனை நாளுக்கு விடலாம், குடியிருப்பவருக்கு ஆடும் உரிமையை மாற்றிக் கொடுக்க என்ன கட்டணம் என்றும் கேட்க வேண்டும். மாற்றிக் கொடுத்த மாதங்களில் பொதுவாக உங்களுக்கு அந்த உரிமை இருக்காது.

கிளப்பின் கணக்குப் புத்தகம்

புதிதாகப் பளபளக்கிற கிளப்ஹவுஸைப் பார்த்து மயங்காதீர்கள், அது யார் பணத்தில் பளபளக்கிறது என்று பாருங்கள். கோல்ஃப் மைதானம் என்பது தேய்ந்துகொண்டே இருக்கும் சொத்து. அமெரிக்க மைதான வடிவமைப்பாளர்கள் சங்கம் வெளியிட்ட ஆயுட்கால அட்டவணையில் கிரீன்களுக்கு 15 முதல் 30 வருஷம், பங்கர் (மணல் பள்ளம்) மணலுக்கு 5 முதல் 7 வருஷம், நீர்ப்பாசன அமைப்புக்கு 10 முதல் 30 வருஷம் என்று போட்டிருக்கிறது. எனவே கேட்க வேண்டியது: கிரீன்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன? பாசனக் குழாய்கள் எந்த வருஷத்தவை? அடுத்த பெரிய வேலைக்கு ரிசர்வில் எவ்வளவு இருக்கிறது? 25 வருஷப் பழைய குழாய், ரிசர்வில் பணம் இல்லை என்றால் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (வழக்கமான கட்டணத்துக்கு மேல் எல்லாரிடமும் வாங்கும் தொகை) வருவது நிச்சயம், எந்த வருஷம் என்பதுதான் தெரியாது.

கடைசி மூன்று வருஷத்துத் தணிக்கை அறிக்கை, இந்த வருஷ பட்ஜெட், ரிசர்வ் ஆய்வு, ஒரு வருஷத்து நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகள், இவற்றை விற்கிறவர் வழியாக வாங்குங்கள். கூட்டக் குறிப்புகளை நான் மிகவும் நம்புவேன். "பங்கர் சீரமைப்பு பற்றி விவாதிக்கப்பட்டது" என்று மூன்று கூட்டத்தில் தொடர்ந்து வந்தால் பில் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடலோரக் கவுண்ட்டிகளில் புயலையும் கணக்கில் எடுங்கள். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் லீ கவுண்ட்டியில் கரையேறியது. குடியிருப்பின் பொதுச் சொத்துக்கான காப்பீட்டில் புயல் டிடக்டிபிள் (காப்பீட்டு நிறுவனம் தராமல் நாமே ஏற்கும் பகுதி) காப்பீட்டுத் தொகையின் சதவீதமாகவே பெரும்பாலும் இருக்கும், அந்தப் பகுதியை வீட்டுக்காரர்கள்தான் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

வெளியே வரும் வழியும் இதே அளவுக்கு முக்கியம். 2008க்குப் பிறகு வீட்டுச் சந்தை விழுந்தபோது ஈக்விட்டி (உறுப்பினர்களே உரிமையாளர்களான) கிளப்புகளில் விலக நினைத்தவர்கள் காத்திருப்போர் பட்டியலில் மாட்டிக்கொண்டு, ஆடாமலேயே சந்தா கட்டினார்கள். கட்டாய உறுப்பினர் குடியிருப்புகளில் சந்தாச் சுமையால் சில அபார்ட்மென்ட்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. எனவே இனிஷியேஷன் ஃபீயில் எத்தனை சதவீதம் திரும்ப வரும், உடனேயா அல்லது புதியவர் சேர்ந்த பிறகா, எத்தனை பேர் சேர்ந்தால் ஒருவருக்குத் திருப்பித் தருவார்கள், இப்போது வரிசையில் எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு இதில் மதிப்பே கிடையாது.

வீடு இருக்கும் இடமும் பார்க்க வேண்டியதுதான். பெரும்பாலானவர்கள் வலது கைக்காரர்கள், அவர்கள் அடி தவறினால் பந்து வலது பக்கம் வளைந்து போகும், எனவே டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) பார்க்கையில் ஃபேர்வேக்கு வலப்பக்கம் 150 முதல் 230 கஜத்துக்குள் இருக்கும் வீடுகளில்தான் கண்ணாடி உடையும். பத்திரத்தில் 'கோல்ஃப் ஈஸ்மென்ட்' (உங்கள் மனைக்குள் பந்து வர அனுமதிக்கும் உரிமை) என்று இருந்தால் உடைந்ததற்குக் கிளப்பிடம் கேட்க வழி இருக்காது. டீ பக்கம் உள்ள வீட்டில் பந்து விழாது, ஆனால் விடியும் முன்பே புல் வெட்டும் இயந்திரம் வந்துவிடும்.

முடிந்தால் அதே குடியிருப்பில் ஒரு சீசன் வாடகைக்கு இருந்து பாருங்கள். முடியாதென்றால் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அங்கே போய் விருந்தினராக ஆடி, ஒரு வேளை சாப்பிட்டு, பயிற்சி மைதானத்தில் நிற்பவர்களிடம் கட்டணம் கடைசி ஐந்து வருஷத்தில் எவ்வளவு ஏறியது என்று விசாரியுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். பத்திரக் கட்டத்துக்கு வந்தால், எச்ஓஏ உள்ள வீட்டுக்கு ஒப்பந்தத்துக்கு முன்பே வெளிப்படுத்தல் சுருக்கத்தை விற்கிறவர் தர வேண்டும் என்று ஃப்ளோரிடா சட்டத்தின் 720ஆம் அத்தியாயம் சொல்கிறது. பொழுதுபோக்கு வசதிகளுக்குக் கட்டணம் உண்டா, கட்டாவிட்டால் வீட்டின் மேல் லீன் (கடனுக்கான சட்டப் பிடி) விழுமா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். முன்பே தராமல் விட்டிருந்தால், அது கைக்கு வந்த 3 நாளுக்குள், க்ளோசிங் (வீடு உங்கள் பெயருக்கு மாறுவது) ஆகும் முன், எழுத்து மூலம் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். காண்டோ என்றால் சட்டம் வேறு, நாட்களும் வேறு, அதற்கு ஒரு ஃப்ளோரிடா ரியல் எஸ்டேட் வக்கீலைப் பிடித்து எல்லாத் தாள்களையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.