ஓட்டைக் காலணாவைப் படமெடுப்பது எப்படி?

1943 முதல் 1947 வரை அச்சடிக்கப்பட்ட ஓட்டைக் காலணா (நடுவில் துளையுள்ள கால் அணாக் காசு), சிறிய பொருள்களைப் படமெடுக்கப் பழகுவோருக்கு ஏற்றது. தேய்ந்த கிரீடமும் இலைமாலையும் தெளிவாகத் தெரிய வேண்டும். பளபளக்கும் விளிம்போ வெளுத்துப் போகக் கூடாது. இரண்டும் ஒருசேர அமைய, விளக்கைச் சரிசெய்த பிறகே கேமராவைத் தொட வேண்டும். (படம் பளிச்சென்று வரட்டும் என்று காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு குறைந்துவிடும்.)

படி 1: காசைச் சாம்பல் நிற அட்டையின் மேல் வைத்து, கேமராவை டிரைபாடில் நேர் கீழே நோக்கும்படி பொருத்துங்கள். டியூப்லைட்டை அணைத்து, ஜன்னல் திரையையும் இழுத்துவிடுங்கள். இருவேறு நிற வெளிச்சம் கலந்துவிட்டால் பிறகு திருத்துவது கடினம்.

படி 2: ஒரு மேசை விளக்கே போதும். அதை நேர் மேலே பிடித்தால் எழுத்துகள் தட்டையாகிவிடும். மேசையை ஒட்டினாற்போல் தாழ்த்திச் சாய்வாக வைக்கும்போது, ஒவ்வொரு மேட்டுக்கும் மயிரிழை போன்ற ஒரு நிழல் விழுந்து, கண்ணுக்கே புலப்படாத எழுத்தும் எழுந்து நிற்கும். வெளிச்சம் படத்தின் மேற்பக்கத்திலிருந்து வர வேண்டும். கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தால், புடைத்திருக்கும் கிரீடம் பள்ளம்போலத் தோன்றி ஏமாற்றும். விளக்குக்கும் காசுக்கும் இடையில் பட்டர் பேப்பர் ஒன்றை நிறுத்துங்கள். அது காசை நெருங்க நெருங்க விளிம்பின் பளபளப்பு அடங்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை வைத்தால் நிழலின் கருமை குறையும்.

படி 3: கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100இல் வையுங்கள். அபர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப்/8 போதும் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). எல்லாம் கூர்மையாக வரும் என்று எஃப்/22க்குப் போனால், ஒளி சிறு துளையில் விரிந்து படம் மொத்தமாக மழுங்கும். மீதமிருப்பது ஷட்டர், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், மட்டுமே. பட்டர் பேப்பர் பாதி வெளிச்சத்தை விழுங்கினால், கால் நொடியை அரை நொடியாக்குங்கள். விளக்கை இருமடங்கு தொலைவுக்குத் தள்ளினால், நேரத்தை நான்கு மடங்காக்குங்கள். காசு அசையப்போவதில்லை என்பதால் ஐஎஸ்ஓவை உயர்த்தத் தேவையே இல்லை. விரல் பட்டுக் கேமரா அதிராதிருக்க 2 நொடி டைமரைப் பயன்படுத்துங்கள்.

படி 4: அதே விளக்கில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து, வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி அதைக் கொண்டு ஒயிட் பேலன்ஸை அமையுங்கள்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள். காசு முழுவதுமே வெளுத்திருந்தால் ஷட்டர் நேரத்தைக் குறைக்கலாம். ஓரிடம் மட்டும் வெளுத்திருந்தால் கேமராவை விட்டுவிட்டு, பட்டர் பேப்பரை இன்னும் இரண்டு அங்குலம் காசின் பக்கம் நகர்த்தி மீண்டும் எடுங்கள்.