மாதச் சம்பளமும் மாந்தோப்பும்: வருமான வரியைச் சட்டப்படி குறைப்பது எப்படி?

பன்னிரண்டு லட்சம் வரை வரியே இல்லை என்பது ஓசூர் தொழிற்சாலைகளில் எல்லோர் வாயிலும் இருக்கும் செய்தி. சம்பளம் மட்டுமே உள்ளவருக்கு அது சரிதான். ஆனால் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு காவேரிப்பட்டணம் பக்கம் பரம்பரைத் தோப்பையும் வைத்திருப்பவர்கள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏராளம். அவர்களுக்கு அந்தச் செய்தி முழு உண்மையன்று. விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி கிடையாது. ஆனாலும் அது ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரியே விழாத அடிப்படை வரம்பைத் தாண்டினால், சம்பளத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குச் சம்பளம் 12,40,000 ரூபாய். நிலையான கழிவு 75,000 போக 11,65,000. தோப்பில் செலவு போக நின்றது 2,00,000. இரண்டையும் கூட்டிய 13,65,000க்கு வரி 84,750. அடிப்படை வரம்பான 4,00,000உடன் விவசாய வருமானத்தைச் சேர்த்த 6,00,000க்கு வரி 10,000. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 74,750 வரும். பன்னிரண்டு லட்சம் வரை வரியை இல்லாமல் ஆக்கும் தள்ளுபடியின் உச்சவரம்பு 60,000 என்பதால் 14,750 மீதியாகிறது. வரியின் மீது விதிக்கப்படும் நான்கு சதவீத செஸ் என்ற கூடுதல் தொகையும் சேர்த்துக் கட்ட வேண்டியது 15,340 ரூபாய். இதை அறியாமல் தோப்பு வருமானத்தைக் காட்டாமல் விடுவது வரிக் குறைப்பு ஆகாது, மறைப்பு ஆகும்.

சட்டம் அனுமதிக்கும் முதல் வழி செலவுக் கணக்கு. சேர்க்க வேண்டியது நிகர வருமானத்தை மட்டுமே. மண்டிச் சீட்டை எடுத்துப் பாருங்கள்: மேலே எடையும் விலையும், அதன் கீழே கமிஷன், ஏற்று இறக்குக் கூலி, கடைசியில் கைக்கு வந்த தொகை என்று எல்லாம் அதில் இருக்கும். அறுவடை முடிந்ததும் அந்தச் சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, மார்ச் மாதத்தில் நினைவிலிருந்து ஒரு தொகையைச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உழவு, மருந்தடிப்பு, தோப்புக் காவல், பறிகூலி, வண்டி வாடகை ஆகியவற்றுக்கான ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரே உறையில் போட்டு வையுங்கள். மேற்சொன்ன கணக்கில், விட்டுப்போன 10,000 ரூபாய்ச் செலவை ஆதாரத்தோடு சேர்த்தால் வரியில் 1,040 ரூபாய் குறையும்.

அடுத்தது தேசிய ஓய்வூதியத் திட்டம். புதிய முறையில் 80சி (பி.எஃப்., ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்புகளுக்கான கழிவு) உள்ளிட்ட பெரும்பாலான கழிவுகள் இல்லையென்றாலும், நிறுவனம் ஊழியர் பெயரில் செலுத்தும் பங்குக்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. அந்தத் தொகை 6,00,000 என்று கொண்டால் 84,000 கழியும். மொத்தச் சம்பளத்தை மாற்றாமல், அதற்குள்ளேயே இந்தப் பங்கை அமைத்துத் தரும்படி சம்பளப் பிரிவில் கேட்டுப் பெற்றால், மேற்சொன்னவரின் வரி 15,340லிருந்து 2,236 ஆக இறங்கும். ஆனால் இந்தப் பணம் பெரும்பாலும் நீண்ட காலம் முடங்கிக் கிடக்கும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் எதிரில் நிற்கும் குடும்பம் வரியை மட்டும் பார்த்து இதில் இறங்கக்கூடாது.

எது விவசாய வருமானம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்டு நில உரிமையாளர் பெறும் தொகை விவசாய வருமானமே. மரத்தில் நிற்கும் காயை மட்டும் விலைபேசி வாங்கிப் பறித்து விற்கும் வியாபாரியின் லாபம் விவசாய வருமானமாகாது. நாற்றுப்பண்ணையில் வளர்த்து விற்கும் மாங்கன்றுகள் விவசாயத்தில் சேரும். தர்மபுரியில் பட்டுக்கூடு விற்போர் கவனிக்க வேண்டியது, முசுக்கொட்டை இலை விவசாயப் பொருளாக இருந்தாலும் அதைத் தின்று வளரும் புழுவின் கூட்டை விற்பது விவசாயமல்ல என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது என்பதுதான். இப்படிப்பட்ட வியாபார வருமானத்துக்கு, விற்றுமுதல் இரண்டு கோடிக்குள் இருந்தால் அதில் 8 சதவீதத்தையும், வங்கி வழியாக வரும் தொகைக்கு 6 சதவீதத்தையும் லாபமாகக் காட்டும் அனுமான முறை கிடைக்கக்கூடும்.

தோப்பை மனைவி பெயருக்குத் தானமாக எழுதிவைத்தால் வரி குறையும் என்று சொல்வார்கள். குறையாது; அந்த வருமானம் கணவருடையதோடுதான் சேர்க்கப்படும். தாய் பெயரிலேயே பட்டா இருந்து, வருமானமும் அவருக்கே போகிறதென்றால் அது அவருடைய வருமானம். அதை மகன் தன் கணக்கில் காட்ட வேண்டியதில்லை.

சம்பளம் இதைவிடக் கூடுதலாக இருந்து, ஓசூரில் பெரிய வாடகையும் வீட்டுக்கடனும் உள்ளவர்கள் பழைய முறையிலும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அதில் 80சி 1,50,000 வரை, வீட்டுக்கடன் வட்டி 2,00,000 வரை, மருத்துவக் காப்பீடு, வாடகைப்படி எல்லாம் உண்டு. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். குடியிராத வீட்டுக்கு ரசீதும், கொடுக்காத நன்கொடைக்குக் கழிவும் போட்டு ரீஃபண்டு வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களை அண்டவே வேண்டாம். தவறாகக் காட்டிய வருமானத்துக்கு அதன் வரியைப் போல் இருமடங்கு வரை அபராதம் விழும், அதைக் கட்டப்போவது நீங்கள்தான்.

விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டியவர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஐடிஆர்-1 என்ற எளிய படிவத்தைப் பயன்படுத்த முடியாது. வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரருக்கு உரியது ஐடிஆர்-2. நிகர விவசாய வருமானம் ஐந்து லட்சத்துக்கு மேல் போனால், நிலம் இருக்கும் மாவட்டம், பரப்பளவு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்ற விவரங்களையும் கேட்பார்கள். சிட்டா, அடங்கல் நகல்களை அந்த ரசீது உறையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.