எம்டிடி பிளேட்டில் ஊதா வந்தால் உடனே நம்பாதீர்கள்

பாபநாசம், களக்காடு மலைப்பக்கத்து மூலிகைச் சாற்றை ஆய்வகத்தில் வளர்த்த செல்லில் (உயிரணுவில்) போட்டுப் பார்க்கிற மாணவர்கள் நெல்லையில் நிறைய. கையுறை போடு, லேபிள் ஒட்டு என்று சொல்ல ஆள் இருக்கிறது. மாதக்கணக்கான உழைப்பைத் தின்கிற தவறு வேறு.

செல் இல்லாத குழி வைக்காமல் விடுவது

எம்டிடி, செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க விடும் மஞ்சள் சாயம். உயிருள்ள செல்லின் நொதிகள் அதை ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) ஃபார்மசான் என்ற ஊதாப் பொருளாக்கும். ஊதா கூடினால் உயிருள்ள செல் அதிகம் என்று கணக்கு. இந்தப் பாடத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கடுக்காய், நெல்லிக்காயில் இருக்கும் டானினும் பாலிஃபீனாலும் செல்லே இல்லாமல் அதே வேலையைச் செய்யும். சாற்றின் அளவு கூடக் கூட "உயிர்ப்பு" 120, 140 சதவீதம் என ஏறும். சாறு செல்லை வளர்க்கிறது என்று தீசிஸில் எழுதிவிடுகிறார்கள். அதைவிட மோசம், செல்லைக் கொல்கிற சாறுகூட ஒன்றும் செய்யாததுபோல் தெரிவது. ஒரே ஒரு வரிசைக் குழி வைத்திருந்தால் பிடிபட்டிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஆத்திரம் வருகிறது.

96 குழி பிளேட்டில் ஒவ்வொரு செறிவுக்கும் செல் இல்லாமல், மீடியம் (செல் வளர்க்கும் திரவம்), சாறு, எம்டிடி மூன்றும் கலந்த மூன்று குழிகள் வையுங்கள். அங்கே ஊதா வந்தால், செல் உள்ள குழிகளில் சாறு கலந்த மீடியத்தை எடுத்துவிட்டு, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் விட்டு இரண்டு முறை மெதுவாகக் கழுவி, புது மீடியம் 100 மைக்ரோலிட்டரும் 5 மி.கி./மி.லி. எம்டிடி 10 மைக்ரோலிட்டரும் விடுங்கள். 37 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம். பிறகு ஃபார்மசானை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவெடுங்கள். ஒட்டாமல் மிதக்கும் செல் என்றால் கழுவும் முன் பிளேட்டை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் படியவைக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லும் சேர்ந்து போய்விடும்.

செல்லுக்குள் புகுந்த சாறு கழுவினாலும் போகாது. ஆகவே கடைசி முடிவை சல்ஃபோரோடமின் பி சாயத்திலும் சரிபாருங்கள். அது புரதத்தில் ஒட்டுவது. ஒடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டிஎம்எஸ்ஓ உறைவது

18 டிகிரிக்குச் சற்று மேலேயே உறையும். ஏசியின் குளிரைக் குறையுங்கள்.

டிரிப்பான் நீலத்தை ஊறவிடுவது

இது செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயம். விட்டபின் ஐந்து நிமிடத்துக்குள் செல்லை எண்ணி முடியுங்கள். நேரம் போனால் உயிருள்ள செல்லும் நீலமாகும்.

பிராட்ஃபோர்டு

புரத அளவு பார்க்கும் இந்தச் சோதனைக்கு கூமாசி நீலச் சாயத்தில் ஜி-250 வேண்டும். ஆர்-250 ஜெல்லில் புரதத்துக்குச் சாயமேற்ற.