ரயில் மேல் ஏறும் செல்ஃபி: பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்

"ரயில் மேல ஏறாதே" என்று அதட்டினால் பதின்வயதுப் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை. காரணத்தைச் சொல்லிப் பாருங்கள், நிச்சயம் கேட்பார்கள்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அந்தக் கம்பி தண்டவாளத்திலிருந்து பெரும்பாலும் ஐந்தரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். யார்டில் நிற்கும் பெட்ரோல் டேங்கர் வேகனின் உயரமே 4 மீட்டருக்கு மேல். அதன்மேல் ஒரு பையன் எழுந்து நின்றால் தலை எங்கே போய் நிற்கும்? இதை அவர்களையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நெருங்கினாலே மின்சாரம் காற்றில் தாவி உடம்பில் பாய்ந்துவிடும். அதனால்தான் 2 மீட்டராவது விலகியிருக்கச் சொல்கிறது ரயில்வே. செல்ஃபி ஸ்டிக், ஈரமான பட்டக் கயிறு, இரும்புத் துறட்டி எதுவும் அந்த எல்லைக்குள் போகக்கூடாது. ரயில் வராத நேரத்திலும் கம்பியில் கரன்ட் இருக்கும்.

அப்புறம், யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொடக்கூடாது. உடனே 139-க்கு அழைத்து, பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக ரயில்வே ஊழியர்கள் சொல்லும்வரை யாரும் அருகில் போகவேண்டாம்.