வடதுருவத்து விருந்தாளியைத் தனுஷ்கோடியில் படம் எடுப்பது எப்படி?

"பனிக்கரடியப் படம் எடுக்கணும்ண்ணே, எங்கயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று இராமநாதபுரத்துக் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார். நல்ல ஆசைதான். அக்டோபர், நவம்பரில் கனடாவின் சர்ச்சில் ஊருக்குப் போனால், ஹட்சன் விரிகுடா உறைவதற்காகக் கரையில் காத்துக் கிடக்கும் கரடிகளைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். "முதல்ல தனுஷ்கோடிக்கு வாங்க தம்பி" என்றேன்.

காரணம் இருக்கிறது. சைபீரியாவின் தைமிர் தீபகற்பக் கரையோரம் பனிக்கரடி நடமாடும் இடம். அந்த மரமில்லாத தூந்திர மண்ணில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் உள்ளான்கள் என்ற சிறு கரைப்பறவைகள், 7,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து நம் கரைக்கு வருகின்றன. கொசு உள்ளான் ஏறத்தாழ 25 கிராம் எடைதான். கைப்பிடி அரிசி அளவு கூட இல்லாத உயிர்! பனியில் படம் எடுப்பவருக்கு என்னென்ன சிக்கலோ, அவற்றில் பாதி இங்கேயும் உண்டு: கண்ணைக் கூச வைக்கும் வெள்ளைத் தரை, ஓயாத காற்று, நம்மைப் பார்த்தால் விலகிப் போகும் உயிரினம். இங்கே பழகிய கை அங்கேயும் உதவும்.

1. காலம் பார்த்துப் போங்கள்

உள்ளான்கள் ஆகஸ்டிலிருந்தே வரத் தொடங்கும். நான் சொல்வது ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், பூநாரைகளும் (ஃபிளமிங்கோ) வந்திருக்கும். கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்புகளில் தேடுங்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. மாலையில் எல்லாரும் வெளியேறிவிட வேண்டும் என்பதால், நேரத்தைச் சோதனைச் சாவடியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. முந்தின இரவே கேமராவைத் தயார் செய்யுங்கள்

முதல் வருஷம் ராமேஸ்வரத்தில் ஏசி அறையில் தங்கினேன். விடியற்காலையில் கேமராவை நேராக வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. அந்த நேரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே போனது. ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. இன்றைக்கும் அது மனதில் நிற்கிறது.

குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். ஆர்க்டிக்கில் இது தலைகீழாக நடக்கும். வெளியே உறைந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவரும்போது ஆவி படியும். அதற்கு அவர்கள் செய்வதையே நாமும் செய்யலாம்: கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். நீர் பையின் மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும். ஏசியைப் போடாமல் தூங்கினால் இந்த வேலையே இல்லை.

3. காற்றுக்கு முதுகைக் காட்டுங்கள்

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கரைவலை இழுக்கும் ஒரு பெரியவர். நான் காற்றை எதிர்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, பறவ காத்தப் பாத்துத்தான் நிக்கும். நீ இங்கன இருந்தா அதோட பின்பக்கந்தான் தெரியும்" என்றார். அன்றுவரை என் படங்களில் ஏன் வால்களாகவே இருக்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது.

பறவை காற்றை எதிர்த்துத்தான் நிற்கும், எழும்பும், இறங்கும். பின்னாலிருந்து காற்று அடித்தால் இறகு கலையும். ஜனவரியில் இங்கே வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வரும். காலைச் சூரியனோ கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி எழும். நீங்கள் கிழக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்தால் காற்றும் வெளிச்சமும் ஏறக்குறைய உங்கள் பின்னாலிருந்து வரும். பறவை முகத்தைக் காட்டும், முகத்தில் வெயிலும் விழும். மாலையில் வெயில் மேற்கே போய்விடுவதால் இந்தப் பொருத்தம் கிடைக்காது. ஆகவே காலைதான்.

அப்புறம், ஒன்பது மணி தாண்டினால் மணல் சூடேறிக் கானல் எழும்பும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பறவை குழம்பித்தான் விழும். அப்போது கேமராவை மூடி வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

4. கேமராவில் மாற்ற வேண்டியவை

70-300 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் இருந்தால் தொடங்கலாம். ஷட்டர் வேகம் 1/1600 நொடி, பறக்கும் பறவைக்கு 1/2000. துளை எஃப் 5.6 அல்லது 8. வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடுங்கள்.

வெள்ளை மணலைப் பார்த்த கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். பனியிலும் இதே தொல்லைதான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +0.7 அளவில் கூட்டி ஒரு படம் எடுத்து, இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு வலது ஓரத்தில் முட்டி நின்றால் குறையுங்கள். பூநாரையின் வெள்ளை இறகு வெளுத்துப் போனால் பிறகு மீட்க முடியாது.

5. படுத்துக்கொண்டு காத்திருங்கள்

நின்றுகொண்டு எடுத்தால் உள்ளான் மணலில் ஒட்டிய புள்ளி மாதிரி இருக்கும். லென்ஸ் அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். ஒரு சாக்கை விரித்துக் குப்புறப் படுங்கள். மஞ்சப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டு இறுக்கிக் கட்டி, அதன்மேல் லென்ஸை வையுங்கள். முக்காலியைவிட இது வசதி. நீரோரச் சேறு சில இடங்களில் முழங்கால் வரை இழுக்கும். தெரியாத இடத்தில் இறங்காதீர்கள்.

படுத்தபின் பறவையை நோக்கி ஊர்ந்து போகாதீர்கள். அது இரை பொறுக்கிக்கொண்டே எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அந்த வழியில் முன்கூட்டியே போய்க் கிடங்கள். இருபது நிமிடத்தில் நீங்கள் அந்தக் கரையில் ஒரு மணல்மேடு ஆகிவிடுவீர்கள். ஒருமுறை கல்திருப்பி உள்ளான் ஒன்று என் கைக்கு நான்கு முழம் தள்ளி வந்தது. காய்ந்த கடல்தாழைச் சுருளுக்கு அடியில் அலகைச் சொருகி, கழுத்தைத் தாழ்த்தி ஒரு நெம்பு நெம்பியது. சுருள் புரண்டது. அடியிலிருந்து துள்ளிய மணல் தத்துப்பூச்சிகளை ஒவ்வொன்றாகக் கொத்தியது. அதன் ஆரஞ்சுக் காலில் ஒட்டியிருந்த ஈர மணல் துகள்கூடத் தெரிந்தது. மூச்சு விடவும் தயங்கிக் கிடந்தேன்.

6. எவ்வளவு தூரத்தில் நிற்பது?

நார்வேயின் ஸ்வால்பார்டில் 2025 முதல் பனிக்கரடிக்கு 300 மீட்டருக்குள் போகக்கூடாது என்பது சட்டம். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். கரடிக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது. நம்மிடமும் 2025 ஜூனில் தனுஷ்கோடி பெரும் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வனத்துறை சொல்வதைக் கேளுங்கள், டிரோன் எடுத்துப் போகவே போகாதீர்கள்.

பூநாரைக் கூட்டத்துக்கு 100 மீட்டருக்குள் நான் போவதில்லை. இரை தேடுவதை நிறுத்திவிட்டு எல்லாக் கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்தைக் கலைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அந்த உள்ளான்கள் திரும்பிப் போக இங்கே தின்று சேர்க்கும் கொழுப்புதான் எரிபொருள். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதிலிருந்து கொஞ்சம் எரிகிறது.

காலடியிலும் கவனம் வேண்டும். 2023இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுதும் வாழும் சிறு பறவை. வெறும் தரையில் குழி பறித்து முட்டையிடும். முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். ஒரு பறவை சிறகு ஒடிந்ததுபோல் உங்கள் முன்னால் இழுத்துக்கொண்டு ஓடினால், கூடு பக்கத்தில் இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள்.

7. வீட்டுக்கு வந்ததும்

உப்பு கேமராவை அரிக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் மணலைப் போக்குங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், கடைசியில் காய்ந்த துணி. கரையில் லென்ஸைக் கழற்றவே வேண்டாம்.

பிறகு படங்களைக் கணினியில் பெரிதாக்கி, பறவைகளின் கால்களைப் பாருங்கள். ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக் கொடியோ இருந்தால் அதன் நிறத்தையும் எழுத்தையும் இடத்தையும் தேதியையும் குறித்து, கோடியக்கரையில் பல காலமாக வளையமிட்டு வரும் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்கு அனுப்புங்கள். அந்தப் பறவையை யார், எங்கே, எந்த ஆண்டில் கையில் பிடித்தார்கள் என்பது உங்கள் படத்திலிருந்து தெரியவரலாம்.