புது ஹெட்போன், டாக், ஆம்ப்: பணத்தை எடுக்கும் முன்

காரைக்குடி செக்காலைப் பக்கம் ஆம்ப்ளிஃபையர், ரேடியோ ரிப்பேர் செய்கிறேன். இப்போதெல்லாம் ஸ்பீக்கரைவிட ஹெட்போனோடு வருகிறவர்கள்தான் அதிகம். "அண்ணே, நல்ல டாக் ஒண்ணு வாங்கிப் போட்டா சவுண்டு தூக்கிருமா?" என்பார்கள். டாக் என்பது டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் கருவி, ஆம்ப் அதைப் பெருக்கி ஹெட்போனுக்குக் கொடுப்பது. என்ன குறை என்று கேட்டால் "கிளியரா இல்லை" என்று பதில் வரும். அதை வைத்து எதையும் வாங்க முடியாது. நன்றாகப் பழகிய ஒரு கச்சேரியைப் போட்டு உட்காருங்கள். மிருதங்கத்தில் கணீரென்ற வலந்தலை கேட்கிறது, பேஸ் தரும் மறுபக்கமான தொப்பி மெலிந்து போகிறதா? பாட்டு நின்றதும் ஹம் கேட்கிறதா? வால்யூமை முழுக்க வைத்தும் போதவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

தொப்பி மெலிந்தால் முதலில் காது குஷனைப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ரெக்சின் குஷன் சீக்கிரம் உரிந்துவிடும். காதோரம் கருப்புத் துகள் ஒட்டினால் அதன் ஆயுசு முடிந்தது. அதற்கு முன்பே உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கி, காதைச் சுற்றி இடைவெளி விழுந்து, பேஸ் அதன் வழியே கசிந்து போயிருக்கும். பாட்டு ஓடும்போதே இரண்டு பக்கமும் கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். தொப்பி திரும்ப வந்தால் குஷன்தான் குற்றவாளி. கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிட்டும் ஒருமுறை கேளுங்கள், அதன் காம்பும் இதே வேலையைச் செய்யும். புது குஷன் வாங்கும்போது உங்கள் மாடலுக்கென்றே வருவதை வாங்குங்கள். கனம், துளை, துணி எது மாறினாலும் சத்தத்தின் குணமே மாறிவிடும்.

ஹம் என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் கேளுங்கள். சத்தம் நின்றால் டாக்கில் குறை தேட வேண்டாம், கரண்ட் பக்கம்தான் கோளாறு. நம் பழைய வீடுகளில் பங்காளிகள் ஆளுக்கொரு காலத்தில் இழுத்த வயரிங் இருக்கும். பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீசியனை வைத்து எர்த்தைச் சரி செய்யுங்கள். ஹம்மை நிறுத்துகிறேன் என்று எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அது உயிர் விஷயம்.

வால்யூம் போதவில்லை என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மின்தடை 300 ஓம் என்றதுமே 'பெரிய ஆம்ப் இல்லாமல் ஓடாது' என்பார்கள். அதற்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் வருகிறது. போனில் செருகி ஹெட்போனை மாட்டும் சின்ன டாங்கிள் பலவும் அந்த 1 வோல்ட்டைத் தரும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் சராசரி 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த 80இல் வைத்தாலும் தனி ஆவர்த்தனம் எகிறுவதற்கு 17 டெசிபல் மிச்சம் இருக்கிறது. 2 வோல்ட் ஆம்ப் வாங்கினால் கூடக் கிடைப்பது 6 டெசிபல்தான். சென்சிடிவிட்டி குறைந்த, அதாவது அதே வோல்ட்டுக்குக் குறைவாகச் சத்தம் தரும் பிளேனார் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிரும் ஹெட்போன்) வைத்திருந்தால் கதை வேறு, அதற்கு ஆம்ப் நியாயமான செலவு.

நண்பரின் ஆம்ப் கைக்குக் கிடைத்தால் ஒப்பிட்டே பார்க்கலாம். ஆனால் கொஞ்சம் சத்தம் கூடினாலே 'ஆகா, நல்லாருக்கு' என்று காது சொல்லிவிடும். அதனால் 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போனைச் செருகியபடியே, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து இரண்டிலும் ஒரே மில்லிவோல்ட் வரும்படி செய்யுங்கள். ஒன்று 200, இன்னொன்று 202 என்று வந்தால் போதும். அப்புறம் தம்பியையோ பையனையோ மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, பார்க்காமல் கண்டுபிடியுங்கள். முடியவில்லை என்றால் பணம் மிச்சம்.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஹெட்போனையே மாற்ற வேண்டும். அதற்கு முன்னால், பேஸ், ட்ரெபிளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் காசில்லாத ஈக்வலைசரைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இருக்கிறது. பேஸை 4 டெசிபல் ஏற்றினால் மொத்த அளவை அதே 4 இறக்குங்கள், இல்லாவிட்டால் சத்தம் பிளிறும். அதிலேயே மனசு நிறைந்தால் மேலே படிக்க வேண்டாம்.

செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் தரையுமாக இருக்கும் கூடத்தில் எந்த ஸ்பீக்கரும் எதிரொலியில் குழம்பும். ஹெட்போனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அந்த வகையில் நல்ல ஹெட்போனுக்குப் போடும் பணம் வீண் இல்லை. ஆனால் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்திருக்கும் 'திறந்த முதுகு' வகையை வாங்கி முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார்ந்தால் குக்கர் விசிலும் மிக்சியும் உள்ளே வரும், உங்கள் பாட்டு வெளியே போகும். இரவில் தனி அறையில் கேட்கிறவர்களுக்குத்தான் அது. பகலில் கேட்கிறவர்கள் மூடிய வகை வாங்குங்கள், வியர்க்கும், சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய ரேடியோக் கச்சேரிகளுக்காக மட்டும் வாங்குவதானால் யோசியுங்கள். அந்த மோனோ பதிவில் இல்லாததை எந்த ஹெட்போனும் கொண்டுவராது, இருக்கிற இரைச்சலைத்தான் இன்னும் எடுத்துக் காட்டும்.

விலை கூடியதைக் காதில் போட்டுப் பார்த்து வாங்க நம் பக்கம் கடைகள் குறைவு. ஆன்லைனில் வாங்கும்போது திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள், பணமாகவா மாற்றுப் பொருளாகவா என்று முதலிலேயே படித்துவிடுங்கள். குஷனும் ஒயரும் தனியாகக் கிடைக்காத மாடல் என்றால், எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் நான் வாங்க மாட்டேன்.